மோகன் பேர்ல உள்ள போ

"ரிமூவ்னு ஒண்ணு இருக்குது பாப்பா. அமுக்கட்டா?"

"அமுக்குங்க நைனா."

"எஸ்ஸா நோவான்னு கேக்குது."

"எஸ் குடுங்க. சீக்கிரம்."

போனுக்குள் மவுஸ் அமுங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் யாரோ தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எதைத் தேய்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று காலை அந்த ஷெட்டில்தான், நைனாவோடு வேலை செய்யும் ஜெபகுமார் அண்ணனின் வலது கை மெஷினுக்குள் போனது.

"போயிடுச்சி பாப்பா," என்றார் நைனா. அவருக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் ரமணா சாரின் குரல் கேட்டது. "நான் செப்னேன் கதா அன்னா. இங்க ஏம் காது." நான்தான் சொன்னேனே, இனி ஒன்றும் ஆகாது என்கிறார், தெலுங்கு கலந்த தமிழில்.

போனைக் கட்டிலில் போட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் நைனாவுக்காகப் பேச அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே சாட்சியை நானே அழிக்கச் சொல்லிவிட்டேன்.

என் பெயர் கீர்த்தி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திராவில், சத்தியவேட்டில் இருக்கிறோம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறேன். அதனால்தான் நைனா, அதாவது என் அப்பா, எதற்கெடுத்தாலும் எனக்குப் போன் செய்வார். அவர் பெயர் மோகன்ராஜ். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர்.

அந்தக் கம்பெனியின் ஆபீஸ் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே டொமைனில் இருக்கின்றன. டொமைன் என்றால், ஒரு பெரிய காம்பவுண்டுக்கு ஒரே வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த அறைக்குப் போகலாம் என்று அவனுக்குத் தெரியும். யார் வந்தார், எதைத் தொட்டார் என்று எழுதியும் வைப்பான். ஷெட்டில் மெஷின்களுக்கு நடுவில் இருப்பதோ ஒரு பழைய கம்ப்யூட்டர். அதை டொமைனில் சேர்த்தால் மெஷினின் சாஃப்ட்வேர் ஓடாது என்று சொல்லி வெளியிலேயே விட்டுவிட்டார்கள். அது வொர்க்குரூப்பில் கிடக்கிறது. வாட்ச்மேனுக்கு அது காம்பவுண்டுக்கு வெளியே இருக்கும் வீடு.

தினமும் மெஷின்களைச் சோதித்து ஓகே போட வேண்டிய ஃபைல் ஆபீஸ் சர்வரில் இருக்கிறது. ஷெட்டிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறந்தால் வாட்ச்மேன் தடுத்து, நீ யார், உன் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்பான். சொல்வதற்குப் பெயர் இருப்பது பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு லாகின் கிடையாது. நைனாவின் ஷிப்டில் அந்த ஷெட்டில் லாகின் இருப்பவர் அவர் ஒருவர்தான். கிட்டத்தட்ட நாற்பது பேர் வேலை செய்யும் இடம் அது.

ஒவ்வொரு முறையும் நைனாவைத் தேடிக் கூட்டிவர வேண்டியிருந்தது. ஆபீஸ் கட்டடத்தில் உட்காரும் ப்ரொடக்‌ஷன் இன்சார்ஜ் ரமணா சாருக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் நைனாவிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, தானே அடித்து, 'நினைவில் வைத்துக்கொள்' என்று இருந்த கட்டத்தில் டிக் போட்டுவிட்டார். அதன்பிறகு யார் மவுஸைத் தொட்டாலும் வாட்ச்மேன் 'வாங்க மோகன்ராஜ்' என்று கதவைத் திறந்துவிடுவான். ஷெட்டில் அதற்கு ஒரு பேச்சே வந்துவிட்டது. யாராவது ஃபைல் திறக்கத் தெரியாமல் நின்றால், "டேய், மோகன் பேர்ல உள்ள போடா" என்பார்கள்.

நைனா இதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்க ஷெட்ல என் பேருக்குத்தான்மா மவுசு!"

"சம்பளத்துல காணோமே அந்த மவுசு," என்றாள் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நைனா, பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்கக்கூடாது. எங்க சார் முதல் கிளாஸ்லயே சொன்னாரு."

"உங்க சாருக்கு இன்னா, கிளாஸ்ல சொல்லிட்டுப் போயிடுவாரு. கூட வேலை செய்யறவங்க கேக்கறாங்க. இல்லன்னா, மோகனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சிம்பாங்க. குடிக்கத் தண்ணி கேட்டா இல்லன்னு சொல்வமா?"

பாஸ்வேர்டும் தண்ணீரும் ஒன்றா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டேன்.

இனி மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கதவு இருக்கிறது. கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போது யாராவது கதவைத் திறந்து பார்த்து, நிற்கிறது என்று தெரிந்த பிறகு, ஃபைலில் ஓகே போட்டு, பிரிண்ட் எடுத்து மெஷின்மேல் ஒட்ட வேண்டும். நடந்தது என்ன தெரியுமா? நேற்றைய ஃபைலைத் திறப்பார்கள். தேதியை மட்டும் மாற்றுவார்கள். சேவ், பிரிண்ட், ஒட்டு. நைனாவுக்கும் இது தெரியும். அப்புறமாகப் போய் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். பல நாள் போய்ப் பார்ப்பார். சில நாள் வேறு வேலை வந்துவிடும்.

வியாழக்கிழமை காலையில் அந்தக் கதவின் சுவிட்சில் யாரோ டேப் ஒட்டியிருந்தார்கள். அப்படி ஒட்டினால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும். சரக்கு நிறைய வரும். மேலே ஒட்டியிருந்த தாளில் கதவுக்கு நேராக ஓகே என்று இருந்தது. கீழே, சோதித்தவர் மோகன்ராஜ். அந்தத் தாளை யாரோ ஒட்டியபோது நைனா கேன்டீனில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே சிக்கிய ஒரு பாகத்தை எடுக்க ஜெபகுமார் அண்ணன் கதவைத் திறந்து கையை விட்டார். மெஷின் நிற்கவில்லை.

அவரைத் திருப்பதிக்குக் கொண்டுபோன பிறகு ரமணா சார் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டார். பாஸ்வேர்ட் சேவ் ஆகியிருப்பதை ஐ.டி. ஆட்கள் பார்த்தால், அதை ஊருக்கெல்லாம் கொடுத்ததற்கே நைனாவின் வேலை போய்விடும் என்றார். அவர்கள் வருவதற்குள் எடுத்துவிடச் சொன்னார். எப்படி எடுப்பது என்று நைனாவுக்குத் தெரியாது. எனக்குப் போன் செய்தார். நான் சொல்லிக்கொடுத்தேன்.

பாஸ்வேர்ட் சேவ் ஆகியிருந்தால், யார் வேண்டுமானாலும் நைனா பெயரில் உள்ளே போயிருக்கலாம் என்று அந்தக் கம்ப்யூட்டரே சொல்லியிருக்கும். இப்போது அது போய்விட்டது. இனி உள்ளே போக வேண்டுமென்றால் பாஸ்வேர்ட் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனிக் கணக்கில் அது தெரிந்தவர் மோகன்ராஜ் ஒருவர்தான்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைக் கையில் காய்ந்த கறை இருந்தது.

"ஐ.டி. சார் வந்தாரு. தாள்ல உன் பேர் எப்டி வந்துச்சின்னு கேட்டாரு, மறைக்க முடில, சொல்லிட்டேன்," என்றார். "ஷெட் கம்ப்யூட்டர்ல அந்த ஃபோல்டரத் தொறந்தாரு. பாஸ்வேர்ட் கேட்டுச்சி. என்னத் திரும்பிப் பாத்தாரு. 'இன்னா மோகன், யார் வேணா உள்ள போவாங்கன்னு சொன்ன. இது உட மாட்டேங்குதே'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?" என்றாள் அம்மா.

"இன்னா சொல்றது? காலைல வரைக்கும் உட்டுச்சி சார்னேன். ஒருத்தன் சிரிச்சிட்டான்."

"ரமணா எங்க போனான்?"

"பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தான்."

"வாயத் தொறக்கலயா?"

இல்லை என்று நைனா தலையை ஆட்டினார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "மனுஷன் வீட்ட வாடகைக்கு உடுவான், வண்டிய வாடகைக்கு உடுவான். நீ பேர உட்டியா? அதுவும் ஓசில! ஒருத்தனாவது, மோகன் அண்ணன் போடல, நான்தான் போட்டேன்னு சொன்னானா?"

"எல்லாரையும் கேட்டேன் கலைவாணி. ஒருத்தன் மூஞ்சி கூட குடுக்க மாட்டேங்கறான்."

அப்போது நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "நைனா, நாம அழிச்சோமே... அது இருந்திருந்தா நீங்க சொல்றது உண்மைன்னு தெரிஞ்சிருக்கும். நான் அழிக்கச் சொல்லியிருக்கக்கூடாது."

நைனா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ இன்னா பண்ணுவ பாப்பா," என்றார். "நான் கேட்டேன், நீ சொன்ன." அவ்வளவுதான். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து சட்டைக் கையைக் கசக்க ஆரம்பித்தார். வெகுநேரம் கசக்கிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை விசாரணை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரமணா சாரே போன் செய்தார். நைனா ஸ்பீக்கரில் போட்டார்.

"அன்னா, நான் உங்க நல்லதுக்கே செப்றேன். 'நான்தான் செக் பண்ணேன், அவசரத்துல கவனிக்கல'ன்னு ஒக்க சைன் போட்டுருங்க. மேல நான் மாட்லாடறேன். ஆறு மாசம் கழிச்சித் திரும்பி எடுத்துக்குவாங்க."

"நான் செக் பண்ணலியே ரமணா."

"தெல்சு அன்னா. ஆனா பேரு உங்களுதே கதா?"

"அந்த டேப்ப ஒட்டனது யாரு?"

"அதெல்லாம் இப்ப எந்துக்கு அன்னா?" என்று போனை வைத்துவிட்டார்.

அம்மா அழுதாள். கையெழுத்துப் போட்டால் போலீஸ் கேஸ் நைனாமேல் வரும். போடாவிட்டால், பாஸ்வேர்டைக் கொடுத்தேன் என்று எழுதித் தர வேண்டும், வேலை அன்றைக்கே போகும். அதற்கும் ஆதாரம் கேட்பார்கள். அந்த ஆதாரத்தைத்தான் நான் எஸ் அமுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

"போட்டுட்டு வந்துடறேன்," என்றார் நைனா. "சும்மா அலையறதுக்கு..." பிறகு என்ன நினைத்தாரோ, "மொதல்ல ஜெபகுமார ஒருவாட்டி பாத்துட்டு வந்துடலாம்," என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

இன்று, சனிக்கிழமை காலை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் ஜெபகுமார் அண்ணனைக் கடைசிக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள். கான்ட்ராக்டர் வேனில் தினமும் பார்டர் தாண்டி வேலைக்கு வருவார். அவர் மனைவி காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே கட்டு பெரியதாக, உருண்டையாக இருந்தது. அதற்குள் கை இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

நைனா நின்ற இடத்திலேயே நின்றார். ஜெபகுமார் அண்ணன்தான் முதலில் பேசினார்.

"வாண்ணா. இன்னாண்ணா அங்கியே நிக்கற? இவதான் உன் பொண்ணா, கம்ப்யூட்டர் படிக்குதுன்னு சொல்வியே?"

நைனா தலையாட்டினார்.

"எங்க மாமியார் புத்தூர் போலாம், எண்ணெய்க் கட்டு போட்டா கூடிக்கும்ங்குது." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஒடஞ்சிருந்தா போலாம் அத்தைன்னேன். கட்டறதுக்கு எலும்பு வேணுமே."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜெபா," என்றார் நைனா. "கதவத் தொறந்தா நிக்குதான்னு ஒரு தடவ பாத்துட்டுக் கைய உட்டிருக்கலாமேடா..."

"நான் தாளப் பாத்தேண்ணா."

"இன்னா?"

"மெஷின்மேல தாள் ஒட்டியிருந்துச்சில்ல. அத எப்பவும் பாப்பேன். வேற ஷிப்ட் தாள்னா நம்ப மாட்டேன், நானே தொறந்து மூடிப் பாப்பேன். அன்னிக்கி உன் பேர் இருந்துச்சி. மோகன் அண்ணன் பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்னு கைய உட்டேன்."

அந்த வார்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ட்ராலி ஒன்று உருண்டு போனது. எனக்கு அது எல்லாமே எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. வேலை போகும், கேஸ் வரும் என்று இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தோமே, அதையெல்லாம்விடப் பெரியது ஒன்று அந்தக் கட்டிலில் கிடந்தது. நைனாவின் பெயரை அவர் நம்பியிருக்கிறார்.

நைனா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் பாக்கலடா," என்றார். "நான் அத எழுதவே இல்ல. என் பாஸ்வேர்ட் அந்தக் கம்ப்யூட்டர்லயே கெடந்துச்சி. எவனோ என் பேர்ல போய் போட்டுட்டான்."

"தெரியும்ணா, நானே ரெண்டு மூணு தடவ போட்டிருக்கேன்," என்றார் ஜெபகுமார் அண்ணன், அமைதியாக. "எங்களுக்கு அந்தக் கம்பெனில பேர் ஏதுண்ணா, பேட்ஜ் நம்பர்தானே. உன் பேர்லதான் எல்லாம் போனோம். ஆனா நான் போட்டப்ப எல்லாம் கதவத் தொறந்து பாத்துட்டுத்தான் போட்டேன். உன் பேராச்சேன்னு."

நைனா அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

"பாஸ்வேர்ட்னா சாவின்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாப்பா. நாலு பேருக்குக் குடுத்தா இன்னா, கதவுதான தொறக்கும்னு. அது சாவி இல்ல, என் நாக்கு. அதக் குடுத்துட்டா, நான் பாக்காதத பாத்தேன்னு அது சொல்லும். அத நம்பி ஒருத்தன் கைய உள்ள உடுவான். கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்லியிருக்கணும். தலைக்கனம்னு சொன்னா சொல்லிக்கினு போவட்டும்னு இருந்திருக்கணும்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளன்னிக்கி நான் பொய்க் கையெழுத்து போட மாட்டேன். பாஸ்வேர்ட் குடுத்தேன், அது தப்பு. மகளக் கேட்டு அழிச்சேன், அதுவும் தப்பு. ரெண்டையும் எழுதித் தரேன். நம்புனா நம்பட்டும். ஆனா நான் செக் பண்ணேன்னு மட்டும் இனி எவனும் என் பேர்ல சொல்லக்கூடாது."

ஜெபகுமார் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலியா, கோபமா, தெரியவில்லை.

இந்த இடத்தில் எனக்கும் ஒன்று புரிந்தது. எங்கள் சார் வகுப்பில் சொன்னபோது அது பரீட்சையில் வரும் ஒரு மார்க் கேள்வி. ஒருவர் லாகினை இன்னொருவருக்குக் கொடுப்பது உதவி இல்லை, நட்பு இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர் கொடுக்கச் செலவாகும் என்று கம்பெனி மிச்சம் பிடித்ததும், அந்தப் பெயரை இரவல் கொடுத்து நாங்கள் நல்லவர்களாக இருந்ததும் சேர்ந்து ஒரு கையை வாங்கிவிட்டது. தப்பு நடந்தால் பெயர் மட்டும் மாட்டிக்கொள்ளும். செய்தவன் தப்பித்துக்கொள்வான்.

நாங்கள் கிளம்பும்போது ஜெபகுமார் அண்ணனின் மனைவி மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தாள். நைனா முன்னால் இறங்கிப் போய்விட்டார். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கையில் டெட்டால் வாசனை அடித்தது.

"பாப்பா, நீ இதெல்லாம் படிக்கறவ. உங்க நைனா போடலன்னு சொல்றாரு. நான் நம்பறேன். பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது. இவரும் போடல. ரமணாவக் கேட்டா அவனும் இல்லம்பான். அந்த டப்பா இன்னா சொல்லுது, மோகன்ராஜ்ங்குது. மோகன்ராஜ்னு அங்க நாப்பது பேர் இருக்கறாங்க. அப்ப எங்க வூட்டுக்காரர் கைக்கு நான் யார் வாசல்ல போய் நிக்கறது, சொல்லு?"